படைக்குச் சோறிட்டது யார்? அரசின் தோற்றமும் ஆயுத அதிகாரமும்

அரசு பற்றிய மார்க்சியக் கோட்பாடு பெரும்பரப்புடையது. அதன் நடுவில் உள்ள ஒரே ஒரு கூற்றை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு, சான்றுகளின் முன் அது எந்த அளவுக்கு நிற்கிறது என்று பார்க்க விரும்புகிறேன். மார்க்ஸ் மறைந்த மறு ஆண்டு, 1884இல், எங்கெல்ஸ் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1877இல் எழுதிய 'பண்டைச் சமூகம்' நூலைப் படித்து மார்க்ஸ் விட்டுச்சென்ற குறிப்புகளே அதற்கு அடிப்படை. அரசு ஆளும் வர்க்கத்தின் கருவி என்ற வாசகத்தை நம் மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த நூலில் அதைவிடக் கூர்மையான, சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று ஒன்று இருக்கிறது. அரசு தோன்றிவிட்டது என்பதை எப்படி அறிவது என்று எங்கெல்ஸ் கேட்கிறார். மக்கள் குருதி உறவால் அல்லாமல் வாழும் நிலப்பகுதியால் பிரிக்கப்படுவது ஓர் அடையாளம் என்கிறார். ஊரே ஆயுதம் ஏந்தி நின்ற நிலை போய், மக்களிலிருந்து பிரிந்த தனி ஆயுத அதிகாரம் ஒன்று உருவாவது மற்றோர் அடையாளம். அந்த அதிகாரத்தைத் தாங்கத்தான் வரி வருகிறது, வரியை வாங்க அதிகாரிகள் வருகிறார்கள். இரண்டாவது அடையாளமே இந்தச் சொற்பொழிவின் பொருள். ஆயுதம் மட்டும் அரசைப் படைத்துவிடவில்லை. உபரியும் தானாக அரசைப் படைத்துவிடவில்லை. பிறர் உழைப்பின் உபரியில் உண்டு வாழும் ஒரு படை உருவாவதும், மற்றவர் கையிலிருந்து ஆயுதம் பறிக்கப்படுவதும் ஒருசேர நிகழும் இடத்தில்தான் அரசு பிறக்கிறது. இதில் முதல் பாதியை எங்கெல்ஸ் உறுதியாக நிறுவினார். இரண்டாம் பாதியை ஓர் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டுக் கடந்துபோனார் என்பது என் வாதம்.

முதல் பாதியை அவர் நிறுவியது இந்த நூலில் அல்ல, ஆறேழு ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில். பெர்லின் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த ஆய்கன் டூரிங், வரலாற்றின் முதற்காரணம் வன்முறையே, பொருளாதாரம் அதன் விளைவே என்று வாதிட்டார். ராபின்சன் குரூசோ கையில் வாளோடு நின்று ஃபிரைடேயை அடிமையாக்கினான், அங்கிருந்துதான் எல்லாச் சுரண்டலும் தொடங்குகிறது என்பது அவர் காட்டிய உதாரணம். எங்கெல்ஸ் அந்த உதாரணத்தையே பிடித்துக்கொண்டார். ஒருவனை அடிமையாக வைத்திருக்க வாள் மட்டும் போதாது. அவன் வேலை செய்யக் கருவி வேண்டும், வேலை செய்யும் நாளெல்லாம் அவனுக்கு உணவு வேண்டும், தன் உணவுக்கு மேல் அவன் எதையாவது விளைவிக்கக்கூடிய உற்பத்தித் திறனும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் வாளால் மனிதனைக் கொல்லலாம், விரட்டலாம், ஆள முடியாது. அந்த வாளும் ஒரு கொல்லன் பட்டறையிலிருந்துதான் வர வேண்டும். போர்க்கலை அறியாத ஒருவரின் வாதம் அல்ல இது. 1849இல் பாடன் எழுச்சியில் நேரடியாகப் போரிட்டவர் எங்கெல்ஸ். ஓர் அமெரிக்கக் கலைக்களஞ்சியத்துக்காக 1857இல் படைகளின் வரலாற்றை எழுதியவர். நண்பர்கள் அவரை 'ஜெனரல்' என்றே அழைத்தார்கள். படையின் வரலாற்றை அவர் அறிந்த அளவுக்கு அக்காலச் சோசலிஸ்டுகளில் வேறொருவர் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று மார்கன் ஆராய்ந்த இரோகுவா மக்களிடம் இருக்கிறது. இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் வாழ்ந்த ஐந்து இனக்குழுக்களின் கூட்டமைப்பு அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆறாவது இனக்குழு சேர்ந்தது. ஐம்பது தலைவர்கள் கொண்ட அவையில் எல்லோரும் ஒருமனதாக ஒப்பினால்தான் முடிவு. அமைதிக்காலத் தலைவர் வேறு, போர்த்தலைவர் வேறு. போருக்குப் போக நினைத்தவன் போர் நடனம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்வான், விரும்பியவர்கள் சேர்ந்துகொள்வார்கள், போர் முடிந்ததும் படை கலைந்துவிடும். தலைவன் கட்டளையிட்டான் என்பதற்காக எவரும் போருக்குப் போக வேண்டியதில்லை. மார்கனும் எங்கெல்ஸும் இந்த வாழ்க்கையை ஓரளவு பொன்னொளியில் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அவர்கள் விட்டுவிட்ட கொடிய பகுதியைச் சேர்த்துப் பார்த்தால் கோட்பாடு வலுப்பெறுகிறதே தவிரத் தளரவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இரோகுவா மக்கள் டச்சு வணிகர்களிடம் பீவர் விலங்கின் தோலைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினார்கள். 1649இல் ஹூரான் கூட்டமைப்பைச் சிதறடித்தார்கள். பல பத்தாண்டுகள் ஓயாமல் போரிட்டார்கள். துப்பாக்கி இருந்தது, போர் இருந்தது, வெற்றி இருந்தது, சிறைப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அரசு பிறக்கவில்லை. சிறைப்பட்டவர்களில் பலர் போரில் இறந்தவர்களின் இடத்தில் குலத்துக்குள் மகனாக, மகளாக ஏற்கப்பட்டார்கள், மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களை உழைக்கவிட்டு, அந்த உழைப்பில் ஒரு படையை ஆண்டு முழுவதும் உண்பித்து வைக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. வன்முறையே அரசின் தாய் என்பவர்கள் விடை சொல்ல வேண்டிய வழக்கு இது.

இந்த இடத்தில் பிரெஞ்சு மானிடவியலாளர் பியர் கிளாஸ்த்ர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். தென் அமெரிக்கப் பழங்குடிகளை ஆராய்ந்து 1974இல் அவர் வெளியிட்ட 'அரசுக்கு எதிரான சமூகம்' நூல், இந்தச் சமூகங்களில் அரசு இல்லாததற்குக் காரணம் உற்பத்தி போதாமை அல்ல என்கிறது. தலைவன் ஆணையிடும் நிலைக்கு வந்துவிடாதபடி சமூகம் விழிப்போடு தடுக்கிறது. அதிகாரப் பிளவு முதலில் நிகழ்கிறது, சுரண்டல் அதன் பின்னால் வருகிறது என்பது அவர் முடிவு. இதில் முதல் பகுதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். வறுமையால் மட்டுமே அரசின்றி இருந்தார்கள் என்று நினைப்பது அந்த மக்களின் அரசியல் அறிவை இழிவுபடுத்துவது. ஆயுதத்தை எல்லோர் கையிலும் வைத்திருப்பதே அந்தத் தடுப்பின் முதன்மையான வழி. ஆனால் இரண்டாம் பகுதி நிற்கவில்லை. உபரி இல்லாத இடத்தில், ஆணையிடும் தலைவனுக்குப் பின்னால் நிற்கும் ஆயுததாரிகள் எதை உண்டு நிற்பார்கள்? அவர்களே வேட்டைக்குப் போக வேண்டும், தோட்டத்தில் உழைக்க வேண்டும் என்றால் அவர்கள் மற்றவர்களைப் போன்ற மக்கள்தானே? கிளாஸ்த்ரின் நூல் இந்தக் கேள்விக்கு விடை தரவில்லை. எனினும் உபரி வந்தவுடன் அரசு தானாக வந்துவிடும் என்று எண்ணிய மார்க்சியர்களுக்கு அவர் கொடுத்த எச்சரிக்கை மதிக்கத்தக்கது. மக்கள் கையில் உள்ள ஆயுதத்தை யாராவது பறித்தாக வேண்டும். எப்படிப் பறித்தார்கள்?

இதற்கான சான்று எங்கெல்ஸ் தூய எடுத்துக்காட்டாகக் கொண்ட ஏதென்ஸிலேயே இருக்கிறது. அங்கே கடன் உழவரை விழுங்கியது. நிலத்தை மட்டுமல்லாமல் உடலையே அடகு வைத்தார்கள். கடன்பட்டவர்கள் அடிமைகளாக வெளிநாட்டுக்கு விற்கப்பட்டார்கள். கி.மு. 594இல் சோலோன் கடனடிமையை ஒழித்து, குடிமக்களை விளைச்சலின் அளவால் நான்கு வகுப்பாகப் பிரித்தார். ஐந்நூறு அளவை, முந்நூறு, இருநூறு, அதற்கும் கீழ். படையில் எந்த இடம் என்பதும் இதன்படியே அமைந்தது. குதிரை வைத்திருப்பவன் குதிரைப்படை, கவசம் வாங்க முடிந்தவன் காலாட்படை, எதுவும் இல்லாதவன் கடைநிலை. பின்னர் கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் குலப்பிரிவுகளை ஒதுக்கிவிட்டு நாட்டை ஊர்வாரியாகப் பிரித்தார். வன்முறை எதுவும் குறுக்கிடாமல், குலச் சமூகத்தின் உள்ளிருந்தே அரசு எழுந்ததற்கு இதுவே தெளிவான உதாரணம் என்கிறார் எங்கெல்ஸ். சோலோனுக்கும் கிளைஸ்தனீஸுக்கும் நடுவே ஆட்சியைக் கைப்பற்றிய பைசிஸ்ட்ராட்டஸைப் பற்றி அவர் எழுதியது அடைப்புக்குறிக்குள் உள்ள ஒரு வாக்கியம்தான். குறுகிய காலமே இருந்ததால் அவர் ஆட்சி தடயம் எதையும் விட்டுச்செல்லவில்லை என்று அதில் சொல்கிறார்.

எங்கெல்ஸ் எழுதிய காலத்தில் கிடைத்திராத ஒரு நூல் இப்போது நம்மிடம் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'ஏதெனியரின் அரசமைப்பு' எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் பிரிட்டிஷ் மியூசியத்தால் வெளியிடப்பட்டது. அதையும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸையும் சேர்த்துப் படித்தால் அந்த அடைப்புக்குறிக்குள் எவ்வளவு பெரிய வரலாறு அடைந்து கிடந்தது என்பது தெரிகிறது. பைசிஸ்ட்ராட்டஸ் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு, பகைவர் தாக்கியதாகச் சொல்லி, மக்களவையிடம் மெய்க்காவல் கேட்டார். தடி ஏந்திய காவலர்களை அவை அளித்தது. அவர்களைக் கொண்டு கோட்டையைப் பிடித்தார். இருமுறை துரத்தப்பட்டார். கி.மு. 546இல் மூன்றாம் முறை திரும்பியபோது தடிக்காரர்களோடு வரவில்லை. வடக்கே பாங்கையோன் மலைப்பகுதிச் சுரங்கங்களில் பொருள் திரட்டி, கூலிப்படை அமர்த்திக்கொண்டு வந்தார், அம்முறை நிலைத்தார். ஆயுதத்தோடு வந்து கூடுமாறு மக்களை அழைத்தார். வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திப் பேசினார். கேட்கவில்லை என்றதும் கோட்டை வாயில் அருகே வரச் சொன்னார். அவர்கள் முன்னே நகர்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கையில், கீழே வைத்துவிட்டு வந்த ஆயுதங்களை அவருடைய ஆட்கள் எடுத்துப் பூட்டிவிட்டார்கள். பேச்சின் முடிவில் ஆயுதம் போனதைச் சொல்லி, வீட்டுக்குப் போய் அவரவர் வேலையைப் பாருங்கள், பொதுக்காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். விளைச்சலில் ஒரு பங்கு வரியாக விதித்தார். 'ஏதெனியரின் அரசமைப்பு' அதைப் பத்தில் ஒன்று என்கிறது. பைசிஸ்ட்ராட்டஸ் மரபின் வரியை மற்றொரு கிரேக்க வரலாற்றாசிரியரான துசிடிடீஸ் இருபதில் ஒன்று என்கிறார். ஏழை உழவர்களுக்குக் கடன் கொடுத்து நிலத்திலேயே இருத்தினார். அவர்கள் விளைத்தால்தானே வரி வரும்? வழக்குகளைத் தீர்க்க ஊரூராகச் செல்லும் நீதிபதிகளை ஏற்படுத்தினார்.

இந்த ஆயுதக் களைவுக் கதையை அப்படியே நம்பலாமா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுவதில் நியாயம் உண்டு. அது நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பின் எழுதப்பட்டது. துசிடிடீஸோ மக்களின் ஆயுதத்தைப் பறித்தவர் பைசிஸ்ட்ராட்டஸின் மகன் ஹிப்பியஸ் என்கிறார், கி.மு. 514இல் தம்பி கொல்லப்பட்ட திருவிழா நாளில் நடந்ததாகச் சொல்கிறார். யார் செய்தது என்பதில்தான் நூல்கள் மாறுபடுகின்றன. அந்தக் குடும்பத்தின் ஆட்சியில் மக்கள் ஆயுதம் இழந்தார்கள் என்பதில் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை. கூலிப்படையும் வெளியிலிருந்து வந்த பொருளும் ஹெரோடோட்டஸிலேயே இருக்கின்றன. ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் மக்களின் ஆயுதத்தைக் களைவது வழக்கம் என்று 'அரசியல்' நூலில் அரிஸ்டாட்டில் பொது விதியாகவே எழுதுகிறார். அப்படியானால் எங்கெல்ஸ் தேடிய மூன்றும், அதாவது மக்களிலிருந்து பிரிந்த படை, அதைத் தாங்கும் வரி, ஊர்வாரி நிர்வாகத்தின் முளை ஆகியவை, அவர் ஒதுக்கிய அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒன்றாக இருக்கின்றன. கிளைஸ்தனீஸ் நாட்டை ஊர்வாரியாகப் பிரிக்க முடிந்ததற்கு, உள்ளூர்ப் பிரபுக்களின் பிடியை அந்த ஆட்சி முன்பே தளர்த்தியிருந்தது ஒரு காரணம். தடயம் இல்லை என்பது தவறு.

அப்படியானால் டூரிங் வென்றுவிட்டாரா? இல்லை. தடிக்காரர்களை மட்டும் நம்பிய முதல் முயற்சி ஏன் நிலைக்கவில்லை, சுரங்கப் பொருளோடு வந்த மூன்றாம் முயற்சி ஏன் நிலைத்தது என்று பாருங்கள். படைக்குச் சோறிட வழி இருந்தபோதுதான் படை பிரிந்து நின்றது. ஒரு குழு மற்றொரு குழுவை வென்று அடக்கியதே அரசின் தோற்றம் என்று 1907இல் ஃபிரான்ஸ் ஓப்பன்ஹைமர் எழுதிய கொள்கைக்கும் இதுவே என் விடை. வெற்றி பெற்றவன் தங்கி ஆள, வெல்லப்பட்டவனிடம் தொடர்ந்து வாங்கக்கூடிய விளைச்சல் இருக்க வேண்டும். மெசொப்பொத்தேமியாவிலும் இதே தொடர்பு தெரிகிறது. ஏறத்தாழ கி.மு. 2300இல் ஆண்ட அக்காத் நாட்டுச் சார்கோன், நாள்தோறும் 5,400 பேர் தன் முன்னால் உணவு உண்கிறார்கள் என்பதைத் தன் பெருமையாகக் கல்வெட்டில் பொறித்தான். அவர்கள் அனைவரும் படைவீரரா, பணியாட்களும் சேர்ந்தவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உண்பிக்கும் ஆற்றலே ஆளும் ஆற்றல் என்று அவன் கருதினான் என்பது தெளிவு.

இன்னொரு தடையும் எழுப்பப்படுகிறது. ஜனநாயக ஏதென்ஸில் குடிமக்களே படையாக நின்றார்கள், நிலையான படை இல்லை. ஆகவே தனி ஆயுத அதிகாரம் அரசின் இலக்கணம் ஆகாது என்பது அது. இதற்கு எங்கெல்ஸே நல்ல விடை தந்திருக்கிறார். அந்தக் குடிமக்கள் படை முழுவதும் அடிமைகளுக்கு எதிரே நின்ற ஒரு மேட்டுக்குடிப் படை. அவர் கொடுத்த 3,65,000 அடிமைகள் என்ற கணக்கை இன்று எவரும் ஏற்பதில்லை. உண்மை அதைவிடப் பன்மடங்கு குறைவாகவே இருந்திருக்கும். ஆனாலும் கி.மு. 413க்குப் பின் ஸ்பார்ட்டா ஏதென்ஸுக்கு அருகிலுள்ள டெக்கேலியாவில் முகாமிட்டபோது 20,000க்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடிப்போனார்கள் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். அவர்களைப் பிடித்து வைத்திருந்தது எது என்பதை அந்த ஓட்டமே சொல்லிவிடுகிறது. நகருக்குள் குடிமகனைப் பிடித்து இழுக்கும் வேலையை விலைக்கு வாங்கிய சித்திய வில்லாளிகளிடம் விட்டிருந்தார்கள். சுதந்திர மனிதன் அதை இழிவாகக் கருதினான் என்பதை எங்கெல்ஸ் குறித்திருக்கிறார். குலச் சமூகத்தின் மான உணர்வு அந்த வெறுப்பில் எஞ்சியிருந்தது.

தமிழில் இந்த மார்க்சிய ஆய்வு நெறியை வளர்த்தவர்கள் ஈழத்துப் பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும். திணைக் கோட்பாட்டைச் சமூக உருவாக்கத்தோடு இணைத்து 1974இல் சிவத்தம்பி எழுதிய கட்டுரை இன்றும் தொடக்கப் புள்ளியாக உள்ளது. வெட்சித் துறைகளில், கவர்ந்த நிரையை மறவர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே வைக்கிறது. கொள்ளையில் பங்கு பெறும் மறவன் தலைவனின் கூட்டாளி. வரியில் வாழும் படைவீரன் அப்படி அல்லன். முன்னதிலிருந்து பின்னது எந்த நூற்றாண்டில், எந்த நிலப்பகுதியில், எவ்வாறு வந்தது என்பதே நம் வரலாற்றில் அரசு பற்றிய மையக் கேள்வி.

தோற்றத்தைப் பற்றிய கோட்பாடு முடிவைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. பாரிஸ் கம்யூன் அதன் முதல் சோதனை. 1871 மார்ச் 18 அதிகாலையில், நகரத்தார் நிதி திரட்டி வார்ப்பித்த பீரங்கிகளை மோன்மார்த்ரிலிருந்து எடுத்துச்செல்லத் தியேர் தலைமையிலான பிரெஞ்சு அரசு படையை அனுப்பியது. மக்கள் சூழ்ந்துகொண்டார்கள், சுட ஆணையிட்டும் வீரர்கள் சுடவில்லை. பைசிஸ்ட்ராட்டஸ் சாதித்ததைத் தியேரால் அன்று சாதிக்க முடியவில்லை. கம்யூன் தன் முதல் ஆணைகளிலேயே கட்டாய ராணுவச் சேவையை ஒழித்து, ஆயுதம் ஏந்திய மக்களின் தேசியக் காவல்படையே படை என்று அறிவித்தது. மே இறுதியில் அது குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. பிரஷ்யா விடுவித்த போர்க்கைதிகளால்தான் வெர்சாயில் இருந்த தியேர் அரசின் படை அதற்குப் போதுமான அளவு பெருகியது. பழைய அரசு எந்திரத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது என்ற முடிவுக்கு மார்க்ஸ் வந்தது இந்த அனுபவத்திலிருந்துதான்.

ஆனால் ரஷ்யாவைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிப்பது நேர்மையாகாது. 1917 ஆகஸ்ட், செப்டம்பரில் 'அரசும் புரட்சியும்' நூலில், நிலையான படையின் இடத்தில் ஆயுதம் ஏந்திய மக்கள் என்று லெனின் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் சேகா என்ற ரகசியக் காவல் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. 1918 ஜனவரியில் தொண்டர்களைக் கொண்டு செம்படை தொடங்கியது. சில மாதங்களிலேயே தளபதிகளை வீரர்கள் தேர்ந்தெடுக்கும் முறை நின்றது, கட்டாயச் சேவை வந்தது, ஜார் காலத்து அதிகாரிகள் அழைக்கப்பட்டார்கள். உள்நாட்டுப் போரும் அந்நியப் படையெடுப்பும் இதற்குக் காரணம் என்பார்கள். காரணம் உண்மையானது, அன்று மாற்றுவழி எளிதாக இருந்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் போர் முடிந்தபின்? 1920களில் படைத்துறை ஆணையர் ஃப்ரூன்ஸே காலச் சீர்திருத்தத்தில் நிலையான படைக்குப் பக்கத்தில் பகுதிவாரி மக்கள்படைப் பிரிவுகளும் ஏற்படுத்தப்பட்டன. 1930களின் இறுதிக்குள் அவையும் கைவிடப்பட்டன. அதற்குள் நிலமும் ஆலையும் தனியார் கையிலிருந்து போய்விட்டிருந்தன. தனிச்சொத்து ஒழிந்தால் தனி ஆயுத அதிகாரம் தானே உதிரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. எங்கெல்ஸின் பிழை இங்கே பெருவடிவில் திரும்பியது என்பது என் கருத்து. படை மக்களிலிருந்து பிரிந்ததைத் தானாக நிகழ்ந்த ஒன்றாக அவர் எழுதினார். ஆகவே அது தானாகக் கலையும் என்று நம்பவும் இடம் உண்டாயிற்று. பிரித்தது ஒரு செயல் என்றால், சேர்ப்பதும் ஒரு செயலாகவே இருக்க முடியும். அதைச் செய்ய மறுக்கும் ஆட்சி எந்த வர்க்கத்தின் பெயரால் ஆண்டாலும், எங்கெல்ஸ் தந்த இலக்கணப்படி அது அரசுதான். அதே அளவுகோலால் அதை அளக்க மார்க்சியர் தயங்கக் கூடாது.

இங்கே வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சோழப் பேரரசுக்கு வலுவான மையப் படையும் நிர்வாகமும் இருந்தனவா என்பது பற்றி 1980இல் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பல படைப்பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. வரிப் பெயர்களோ நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. படைகளை ஒருவரும் வரிகளை ஒருவருமாகத் தனித்தனியே படித்தது போதும். எந்த ஊரின் நெல் எந்தப் படையை உண்பித்தது, அந்த ஊராரின் கையில் அப்போது என்ன ஆயுதம் எஞ்சியிருந்தது என்ற இரண்டு கேள்விகளோடு அந்தக் கல்வெட்டுகளை ஒன்றாக வைத்துப் படியுங்கள்.